தெருநாய்க்கு நேர்ந்த கொடுமையும் ஒரு மீட்பு அறக்கட்டளையின் சேவையும்

சென்னையின் தெற்குப் புறநகரில் இயங்கும் ஒரு சிறிய விலங்கு மீட்பு அறக்கட்டளையின் சேவையைக் கடந்த கோடையில் நேரடியாகப் பெற்றேன். அதைப் பற்றிய என் மதிப்பீடு இது. பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பெயரும் இடமும் பரவினால், இரவோடு இரவாக வாயிலில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய அனுபவம்.

எங்கள் தெருவில் ஐந்தாறு ஆண்டுகளாக வாழும் செவலை நிற ஆண் நாயின் முதுகில் ஒருநாள் காலை யாரோ கொதிக்கும் நீரை ஊற்றிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது அது நிறுத்தி வைத்திருந்த காரின் அடியில் புகுந்துகொண்டு அலறிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் அறக்கட்டளையை அழைத்தபோது எடுத்தவர் முதலில் கேட்டவை, நாய் எழுந்து நடக்கிறதா, கடிக்கக்கூடியதா, வண்டி வரும்வரை நான் அங்கேயே நிற்க முடியுமா என்பவைதான். கடைசிக் கேள்வியின் அவசியம் பின்னர்தான் புரிந்தது. அடிபட்ட விலங்கு ஒளிந்துகொள்ள இடம் தேடி ஓடிவிடும் என்பதால், தகவல் சொன்னவர் கிளம்பிவிட்டால் வண்டி வெறுமனே திரும்ப வேண்டியதாகிவிடுமாம்.

வண்டி வந்துசேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. தாமதம்தான். ஆனால் அந்த நேரம் வீணாகாமல் பார்த்துக்கொண்டது தொலைபேசியில் பேசியவரின் தெளிவு. தோட்டத்து ரப்பர் குழாயால் தூரத்தில் நின்று சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாகப் படவிடச் சொன்னார். பனிக்கட்டி, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் காபித்தூளோடு வந்து நின்றதும், வலிக்கு வீட்டிலிருந்த பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கலாம் என்று நானே எண்ணியதும் உண்மை. மனிதருக்கான வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம், பூனைக்கோ சிறிதளவும் உயிரைப் பறிக்கலாம் என்று அவர் எச்சரித்திராவிட்டால் நல்லெண்ணத்தாலேயே நாங்கள் தீங்கு செய்திருப்போம்.

வந்த இருவரும் கழுத்தை நெரிக்கும் கம்பிச் சுருக்கைப் பயன்படுத்தவில்லை. வலையும் ஒரு கனத்த போர்வையும் கொண்டு பிடித்து, துணிப்பட்டையால் வாயைக் கட்டி, ஐந்து நிமிடத்துக்குள் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். அன்று மாலை மருத்துவர், ரோமத்துக்கு அடியில் ஏற்படும் வெந்த புண்ணின் முழு அளவு முதல்நாளில் தெரியாது என்றும், சில நாட்கள் கழித்தே தோல் உரியத் தொடங்கும் என்றும் சொன்னார். அப்படியே நான்காம் நாள் முதுகில் இரண்டு உள்ளங்கை அளவுக்குத் தோல் கழன்றது. தினமும் புண்ணைக் கழுவி, சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு தடவி, ஈ மொய்க்காமல் வலைக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். கட்டணம் எதுவும் கேட்கவில்லை; நானாக மூவாயிரம் ரூபாய் கொடுத்து ரசீது பெற்றேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். திறந்த புண்ணோடு இருந்த நாயின் கூண்டுக்கு அடுத்ததிலேயே இருமிக்கொண்டிருந்த குட்டிகள் இருந்தன. டிஸ்டெம்பர், பார்வோ போன்ற தொற்றுகள் காப்பகங்களில் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இடமில்லை என்பதே பதில். நான் வற்புறுத்திய பிறகு இரண்டு நாள் கழித்து இடம் மாற்றினார்கள். புதிதாக வரும் விலங்குகளுக்கென்று தனி அறை இல்லாத காப்பகத்தில், காயத்திலிருந்து பிழைத்த உயிர் நோயில் போய்விடக்கூடும். மூன்று நாளுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியவர்கள், இடையில் ஒரு வாரம் எந்தப் பதிலும் அனுப்பாமல் இருந்ததும் எனக்கு வேதனை தந்தது.

இந்தச் சேவையை நான் உயர்வாக மதிப்பதற்கான முதன்மைக் காரணம் மருத்துவத்துக்கு அப்பாற்பட்டது. நான் கேட்காமலேயே மருத்துவர் ஒரு காயச் சான்றிதழ் எழுதித் தந்தார். சூடான திரவத்தால் ஏற்பட்ட புண், உடலின் எந்தப் பகுதி, எவ்வளவு பரப்பு, எந்தத் தேதி என்பவை அதில் இருந்தன, படங்களும் இணைக்கப்பட்டிருந்தன. இத்தகைய தாள் கையில் இல்லாமல் காவல் நிலையத்துக்குப் போவதில் பயனில்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கை அடிப்பது முதல் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைப்பது வரை பலவற்றைக் குற்றமாக்குகிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். மாநிலங்களவையில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் தொடர்ச்சியாகப் பிறந்த சட்டம் அது. அன்று 50 ரூபாய் ஒரு கூலித் தொழிலாளிக்குப் பல நாள் வருமானம். இன்று அது தண்டனையென்று சொல்லத்தக்க தொகையே அல்ல. மேலும், அப்பிரிவிலுள்ள குற்றங்களில் பெரும்பாலானவை பிடியாணையின்றிக் காவல்துறை கைது செய்ய முடியாதவை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு மட்டுமே, விலங்கைக் கொல்வதற்கும் நஞ்சிடுவதற்கும் ஊனமாக்குவதற்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. இந்த வேறுபாட்டை அறக்கட்டளையின் தன்னார்வலர் பொறுமையாக விளக்கி, புகாரில் இரு பிரிவுகளையும் எழுதவைத்தார். நான் சென்ற காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. வழக்குப் பதிவாகவில்லை.

அதற்குப் பின் அந்தத் தன்னார்வலர் செய்ததுதான் என் மனத்தை மாற்றியது. வெந்நீர் ஊற்றியவர் யாரென்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவருடைய வீட்டுக்கே தனியாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, "என்னக்கா நடந்தது?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவின் எட்டு வயது மகனை அந்த நாய் இரண்டு முறை துரத்தியிருக்கிறது. ஒருமுறை அவன் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். வெறிநாய்க்கடியில் ஓர் உறவினரை இழந்த குடும்பம் அது. அவருடைய அச்சம் உண்மையானது. அதனால் அவர் செய்தது கொடுமையல்ல என்று ஆகிவிடாது. ஆனால் அந்த அச்சத்துக்கு விடை காணாமல் அபராதம் மட்டும் கட்டவைத்தால், அடுத்த முறை வெந்நீருக்குப் பதிலாக நஞ்சு கலந்த சோறு வைக்கப்படலாம், அதை யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

நாய் ஏன் அந்தச் சிறுவனைத் துரத்தியது என்று பார்த்தபோது காரணம் என்னிடம் வந்து நின்றது. நான் தினமும் காலை ஏழரை மணிக்குச் சோறு வைத்த இடம் அவர்கள் வீட்டு வாயிலுக்கு நேர் எதிரே. சோற்றைக் காவல் காக்கும் நேரமும் அவன் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றாக இருந்தன. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், உணவிடும் இடம் வீட்டு வாயில்களிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடங்களிலிருந்தும் விலகி இருக்க வேண்டும், குழந்தைகளும் முதியோரும் நடமாடும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்கின்றன. பல ஆண்டுகளாகச் சோறு போட்டவன் நான். அந்த விதியை அன்றுதான் அறிந்தேன். அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அழுதார்.

31 நாட்களுக்குப் பிறகு கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்து, காது நுனி வெட்டப்பட்ட அடையாளத்துடன் செவலை திரும்பி வந்தது. பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளதுதான். முதுகில் ஒரு பட்டையில் இனி ரோமம் முளைக்காது. இப்போது தெருக்கோடி மின்மாற்றியைத் தாண்டிய காலி மனையில் இரவு ஒன்பது மணிக்குச் சோறு வைக்கிறேன்.

இத்தகைய தேவை வருகிறவர்களுக்கு இந்த அறக்கட்டளையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நேரில் கேட்பவர்களுக்கு எண்ணைத் தருகிறேன். அவர்களிடம் நான் எழுத்தில் கொடுத்த கோரிக்கைகள் இரண்டு. நன்கொடையின் அடுத்த பெரும்பகுதியைத் தனிமை அறைக்குச் செலவிட வேண்டும். தெருவுக்கு வந்து அண்டை வீட்டாரிடம் பேசும் பணி இப்போது ஒரே ஒரு தன்னார்வலரின் சொந்த ஆர்வத்தில் நடக்கிறது. அவர் வேலை மாறிப் போனால் அது நின்றுவிடும். காயச் சான்றிதழைப் போலவே அதையும் ஒவ்வொரு கொடுமை வழக்கிலும் தவறாமல் செய்யும் நடைமுறையாக அவர்கள் ஆக்க வேண்டும்.