"உங்க சர்க்யூட்தான் தப்பு" என்றார்கள்: போலி ஏடிமெகா328பி வாங்கி ஏமாந்தோம்

என் சித்தப்பா மகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறான். கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் போர்டுதான் அவன் புராஜெக்ட். போன கோடையில் அவர்கள் வீட்டு மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி காயில் எரிந்து, ரீவைண்டிங்குக்கு நல்ல செலவு வந்தது. அதனால் அவனுக்கு இது மார்க் வாங்குவதற்கு மட்டுமான வேலை இல்லை. அந்தப் போர்டு மூன்று வாரமாக ஸ்டார்ட் ஆகவே இல்லை. அவன் வேலையில் குறை ஏதும் இல்லை, காசு கொடுத்து வாங்கிய ஐசிதான் (போர்டுக்கு மூளையாக இருக்கும் ஏடிமெகா328பி என்ற சிப்) போலி. மற்ற மாணவர்களும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆன்லைனில் உதிரிபாகம் விற்கும் ஒருவரிடம் பத்து ஏடிமெகா328பி, ஒன்று 110 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். நான் விசாரித்த கடைகளில் 250 ரூபாய்க்குக் குறைவாக எங்கும் இல்லை. "பிராண்ட் நியூ, ஒரிஜினல், பூட்லோடர் இல்லாதது" (அதாவது, முன்கூட்டியே எந்தப் புரோகிராமும் ஏற்றாதது) என்று போட்டிருந்தார்கள். தளம் வழியாக ஆர்டர் போடாமல் நேராக யுபிஐயில் அனுப்பினால் டெலிவரி இலவசம் என்று வாட்ஸப்பில் சொன்னதும் பையன் அனுப்பிவிட்டான்.

போர்டில் பொருத்தினால் எதுவும் நடக்கவில்லை. புரோகிராம் ஏற்றவும் முடியவில்லை. 7, 20 இரண்டு பின்னிலும் 5 வோல்ட் வருகிறதா, 8, 22 கிரவுண்டில் சேர்ந்திருக்கிறதா, ரீசெட் பின் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் சேர்ந்திருக்கிறதா என்று எல்லாம் பார்த்தான். ஐசி ஓடுவதற்கான துடிப்பை (கிளாக்) தரும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மூன்று முறை மாற்றினான். 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர்களையும் மாற்றினான். கடைசியில் போர்டையே முழுதாகப் பிரித்து மறுபடி சால்டர் செய்தான். விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "தம்பி, ஐசில ஒரு பிரச்சனையும் இல்ல, ஆயிரக்கணக்குல வித்திருக்கோம். உங்க சர்க்யூட்தான் தப்பு."

அதை நம்பிவிட்டான். "அண்ணா, எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது போல இருக்கு" என்று போனில் சொன்னபோது எனக்கு 1,100 ரூபாய் போனதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

அந்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். வயரிங்கைத் தொடவே இல்லை. என்னிடம் இருந்த ஆர்டுயினோ யூனோ என்ற ரெடிமேட் போர்டிலும் இதே 328பிதான்; அதில் சாக்கெட்டில் இருக்கும் ஐசியைக் கழற்றி அவன் போர்டில் மாட்டினேன். பவர் கொடுத்த நொடியே எல்இடி மினுக்க ஆரம்பித்தது. அவன் சால்டரிங்கிலும் சர்க்யூட்டிலும் ஒரு குறையும் இல்லை! இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். போர்டு ஓடவில்லை என்றால் நன்றாக ஓடுகிற ஒரு ஐசியை முதலில் மாட்டிப் பாருங்கள்.

அப்புறம் யூனோவையே புரோகிராமராக (ஐசியில் புரோகிராம் ஏற்றும் கருவி) வைத்துப் பத்து ஐசியின் சிக்னேச்சரையும், அதாவது எந்த மாடல் என்று ஐசிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாள எண்ணையும், படித்தோம். 328பி என்றால் "1இ 95 0எஃப்" என்று வர வேண்டும். ஐந்தில் "1இ 93 0எஃப்" வந்தது. அது ஏடிமெகா88பிஏ. புரோகிராமைச் சேமிக்கும் ஃபிளாஷ் மெமரி 32 கிலோபைட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 8 கிலோபைட். மேலே 328பி என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். இரண்டு, 5 வோல்ட் கொடுத்ததும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டன. மீதி மூன்றும் எதுவும் பேசவில்லை.

அந்த மூன்றுதான் என்னை யோசிக்க வைத்தன. ஃபேக்டரியிலிருந்து வரும் புது 328பி உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரின் கிளாக்கை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். கிரிஸ்டலே இல்லாமல் புரோகிராமருக்குப் பதில் சொல்ல வேண்டும். இவை கிரிஸ்டல் இருந்தும் சொல்லவில்லை. யூனோவிலிருந்து 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை எடுத்து ஐசியின் 9-வது பின்னில் கொடுத்தேன். மூன்றும் எழுந்து சரியான சிக்னேச்சரைக் காட்டின. வெளியிலிருந்து கிளாக் வரும் என்று யாரோ ஏற்கெனவே ஃபியூஸ் (ஐசிக்குள் இருக்கும் செட்டிங்) மாற்றிய ஐசிகள் அவை. அதாவது, ஏதோ பழைய போர்டிலிருந்து கழற்றியவை. கால்களைக் கூர்ந்து பார்த்தால் பழைய ஈயத்தின் தடம் தெரிந்தது. டியூபில் வரும் புது ஐசியின் கால்கள் சற்று வெளிப்பக்கம் விரிந்திருக்கும். இவை நேராக நின்றன.

நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து மேலே தேய்த்தோம். பஞ்சு கறுத்தது. எழுத்து போன இடத்தில் உப்புத்தாள் கீறல்கள். பத்திலும் மேலே ஒரே தேதிக் குறியீடு, திருப்பினால் அடியில் வேறு வேறு அச்சுக்குறிகள்.

படங்களோடு அனுப்பினால், சிக்னேச்சர் பொருந்தாதவற்றுக்கு "ஏவிஆர்டூடில் மைனஸ் எஃப் போட்டு ஏத்துங்க, ஓடும்" என்றார் விற்றவர். இது மோசமான ஆலோசனை. ஏவிஆர்டூட் என்பது ஐசியில் புரோகிராம் ஏற்றும் மென்பொருள். அதில் அந்த ஆப்ஷன் சிக்னேச்சர் சோதனையைத் தாண்டிப் போகச் சொல்கிறதே தவிர, 88-ஐ 328 ஆக்கிவிடாது. இரண்டுக்கும் ஃபிளாஷ் பேஜின் (ஒரே தடவையில் எழுதப்படும் பகுதி) அளவே வேறு. எழுதியதைச் சரிபார்க்கும்போது பிழை வரும், 328பிக்காகக் கம்பைல் செய்த புரோகிராம் அதில் ஓடவும் ஓடாது. அதையும் சொன்னதும் "புரோகிராம் பண்ணிப் பாத்த ஐசிய திருப்பி எடுக்க மாட்டோம்" என்று சொல்லி பிளாக் செய்துவிட்டார். தளத்தில் புகார் போடலாம் என்றால், அங்கே ஆர்டரே இல்லை. நேரடி யுபிஐ கேட்டது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சிக்னேச்சர் "00 00 00" என்றோ எல்லாம் எஃப் என்றோ வந்தால் உடனே கடைக்காரரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் பிரெட்போர்டில் ஒரு வயர் லூசாக இருக்கும். யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் என்றால் புது ஐசிக்கு வேகத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். "1இ 95 14" வந்தால் அது பி இல்லாத ஏடிமெகா328. 328பி என்று விற்றிருந்தால் தப்புதான், ஆனால் வேலை செய்யும் ஐசி.

தம்பியிடம் இன்னொன்றும் சொன்னேன். 2010-இல் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் அமெரிக்காவின் ஸ்பார்க்ஃபன் நிறுவனமே போலி ஏடிமெகா328 வாங்கி ஏமாந்து, அதை வெளிப்படையாக எழுதியது. தினமும் ஐசியோடு புழங்குகிறவர்களே ஏமாறும்போது ஒரு டிப்ளமோ மாணவன் தன்னை ஏன் நொந்துகொள்ள வேண்டும்?

அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு இரண்டு ஐசி வாங்கினோம். முதல் முயற்சியிலேயே ஏறியது, போர்டு இப்போது கிணற்றடியில் ஓடுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. பத்து ஐசியும் அந்த கறுத்த பஞ்சும் ஒரு கவரில் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் மலிவாக 328பி வாங்கி வைத்திருந்தால், புராஜெக்ட் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் இன்றே சிக்னேச்சரைப் படித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோவும் எடுத்து வையுங்கள்.