முப்பது விநாடித் தாலாட்டு

கோலம் போட்டு ரீல்ஸ் விடும் தோழி நேற்று கேட்டாள்: "உன் பயோவுல ஒரு லிங்க் பக்கம் வெச்சிருக்கியே, பாட்டெல்லாம் அதுலயே ஓடுதே, நானும் ஒண்ணு எடுக்கட்டுமாடி? ஆஃபர் போட்டிருக்கான்." லிங்க் பக்கம் என்பது, இன்ஸ்டாவில் பெயருக்குக் கீழே நம்மைப் பற்றி எழுதும் பயோவில் ஒரு லிங்க்கைக் கொடுத்து, தட்டினால் நம் பாட்டு, வீடியோ, மற்ற லிங்க் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்படி வைக்கிற பக்கம். ஆஃபரா என்று போய்ப் பார்த்தேன். வருடச் சந்தா பாதி விலை. நான் முழு விலை கொடுத்துப் புதுப்பித்து 9 நாள்தான் ஆகிறது. இந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன், படிக்கிறவர்கள் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளுங்கள். சேவையின் பெயர் வேண்டாம். இந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான்.

அப்பத்தாவிடம் கேட்டுப் பழகிய தாலாட்டுகளைப் பாடிப் பதிவு செய்கிறவள் நான். இசைக்கருவி எதுவும் கிடையாது. குரலும், சேலைத் தொட்டில் ஆடும்போது உத்தரத்தில் கயிறு உரசும் சத்தமும்தான். எல்லாப் பாட்டும் 5, 6 நிமிடம் ஓடும். அதைவிடச் சின்னதாக இருந்தால் எந்தப் பிள்ளையும் தூங்காது.

அதனால்தான் பக்கம் திறந்த முதல் வாரம் சித்தியிடமிருந்து வந்த போன் இன்னும் காதில் இருக்கிறது. "ஏண்டி, நடுவுலேருந்து ஆரம்பிக்குது, சட்டுனு நிக்குது. தொண்டை கட்டிக்கிச்சா உனக்கு?"

பாட்டுச் செயலியின் பிளேயரை அப்படியே பக்கத்தில் பதித்திருந்தேன். பார்க்க ஜோராக இருந்தது. அட்டைப்படம், பச்சைப் பொத்தான், ஓடும் கோடு எல்லாம் உண்டு. என் போனில் முழுப் பாட்டும் ஓடியது. சித்தி போனில் 30 விநாடி. மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் தொடங்கி, அவர் வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. பேத்தி விழித்துக்கொண்டு அழுகை.

காரணம் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. பதித்த பிளேயர் என்பது நம் வீட்டுச் சுவரில் வைத்த ஜன்னல் மாதிரி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பது அடுத்தவர் வீடு. அங்கே லாகின் செய்தவருக்கு முழுப் பாட்டு, செய்யாதவருக்கு மாதிரித் துண்டு. சித்தியிடம் அந்தச் செயலி இருக்கிறது, லாகினும் செய்திருக்கிறாள். ஆனால் இன்ஸ்டாவுக்குள்ளிருந்து லிங்கைத் தட்டினால் பக்கம் குரோமில் திறப்பதில்லை. இன்ஸ்டா தனக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் வைத்திருக்கிறது, அதில் திறக்கிறது. அந்த பிரவுசருக்கு சித்தியைத் தெரியாது. என்னைப் பின்தொடர்பவர்களில் பெரும்பாலானவர்கள் வருவது இந்த வழியாகத்தான். ஆக, கடைக்கு வருகிற ஆளுக்கெல்லாம் முப்பது விநாடி.

நியாயமாகப் பார்த்தால் இதில் லிங்க் பக்கத்துக்காரர்களின் பிழை எதுவும் இல்லை. ஜன்னல் வைத்துத் தருவதுதான் அவர்கள் வேலை. ஆனால் "ரசிகர்கள் உங்கள் பக்கத்தைவிட்டு எங்கும் போக வேண்டியதில்லை" என்று சொல்லித்தானே பணம் வாங்கினார்கள்? முறையிட்டதற்கு, பாட்டுச் செயலிக்காரர்களைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. அதிலும் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். மேலே மூன்று புள்ளியைத் தட்டி வெளி பிரவுசரில் திறக்கச் சொல்லி நானே ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யார் மூன்று புள்ளியைத் தேடுவார்கள்?

வீடியோவும் பதித்துப் பார்த்தேன். தாலாட்டுக்கு வீடியோ ஆகவே ஆகாது. போன் திரை அணைந்தால் பாட்டும் நின்றுவிடும், அணையாமல் வைத்தால் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில். போதாக்குறைக்கு ஆசையில் ஐந்து வீடியோவை வரிசையாகப் பதித்திருந்தேன். யாரும் ஓடவிடாவிட்டாலும் பக்கம் திறந்த உடனே ஒவ்வொரு பிளேயரும் தன் மூட்டையை இறக்கத் தொடங்கும். ஊரில் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் என் பக்கம் வெள்ளையாகவே நின்றது. இது முழுக்க என் தவறு. இப்போது படத்தை மட்டும் வைத்து, தட்டினால் யூடியூபுக்குப் போகும்படி லிங்க் கொடுத்துவிட்டேன்.

காணிக்கைப் பெட்டி மாதிரி யூபிஐ கியூஆர் ஒன்றும் வைத்தேன். அதே போனில் தெரியும் கியூஆரை எந்தப் போனால் ஸ்கேன் செய்வது? படத்தைச் சேமித்து, பணச்செயலியைத் திறந்து, கேலரியிலிருந்து ஏற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எனக்கு 50 ரூபாய் அனுப்பிய அந்த மூன்று பேருக்கும் வணக்கம். நேராகப் பணச்செயலியைத் திறக்கிற லிங்க் போடலாமென்றால், இணைய முகவரி மாதிரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்காத எதையும் லிங்க் போடும் பெட்டி ஏற்க மறுத்தது.

சரி, கட்டிய காசுக்கு உருப்படியாக ஒன்றுமே இல்லையா? இரண்டு உண்டு.

ஒன்று, எம்பி3 கோப்பையே நேரடியாக ஏற்றும் வசதி. சந்தா கட்டியவர்களுக்கு மட்டும், ஒரு கோப்பு 10 எம்பிக்குள். ஒலித் தரத்தை 320 கேபிபிஎஸ் என்று உயர்த்தி வைத்தால் 6 நிமிடப் பாட்டு 14 எம்பியைத் தாண்டும், 128க்கு இறக்கினால் 6 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒற்றைக் குரலுக்கும் கயிற்றுச் சத்தத்துக்கும் இது தாராளம், என் காதுக்கே வித்தியாசம் தெரியவில்லை. லாகின் கேட்காமல் முழுசாக ஓடுகிறது. பாட்டுச் செயலியில் கேட்புக் கணக்கு ஏறாதுதான், போகட்டும்.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. பக்கத்தின் அடியில் ஒரு கேள்விப் பெட்டி வைக்கலாம். சும்மா இருக்கட்டுமே என்று, "உங்கள் வீட்டில் பாடிய ஒரு வரி?" என்று போட்டேன். பத்து நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒருத்தர் எழுதினார்: "எங்க பக்கம் ஓராட்டுன்னு சொல்வோம். அம்மா பாடினது முழுசா ஞாபகம் இல்ல, மாமன் பேர் வர்ற இடம் மட்டும் இருக்கு." அடுத்தவர் ராராட்டு என்றார், இன்னொருவர் தொட்டில் பாட்டு என்றார். வரிகள் வரத் தொடங்கின. பாதி ஆங்கில எழுத்தில், பிழையோடு, பெரும்பாலும் இரவு பதினொன்றுக்கு மேல். இந்த இரண்டு வருடத்தில் 212 வரிகள். மொத்தமாக இறக்கித் திறந்தபோது தமிழெல்லாம் கொம்பு முளைத்த விசித்திர எழுத்துகளாகக் கிடந்தது, வயிறு கலங்கிவிட்டது. அதே கோப்பை கூகுள் ஷீட்ஸில் போட்டதும் 'ஆராரோ' 'ஆராரோ'வாகவே வந்தது. அந்த ராத்திரி எல்லாவற்றையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன்.

அப்படியென்றால் எடுக்கட்டுமா என்றால், வேண்டாம்டி. மெல்போர்னில் 2016இல் லிங்க்ட்ரீ என்ற லிங்க் பக்கச் சேவை தொடங்கியபோது இன்ஸ்டா பயோவில் ஒரே ஒரு லிங்க்தான் போட முடியும், இப்படிப் பக்கங்களுக்குத் தேவை இருந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஐந்து லிங்க் வரை இன்ஸ்டாவே இலவசமாகத் தருகிறது. உன் கோலத்துக்கு அது போதும். தவிர, இதெல்லாம் அடுத்தவர் நிலத்தில் போட்ட கொட்டகை. 2022 டிசம்பரில் லிங்க்ட்ரீ மாதிரிப் பக்கங்களின் லிங்கைப் போடவே கூடாது என்று ட்விட்டர் திடீரென்று விதி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே நாளில் பின்வாங்கியது. பின்வாங்காமல் இருந்திருந்தால்?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். 9 நாள் முன்னால் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன், அது வேறு கதை. பாதிப் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இந்த முறையாவது பெயரைச் சரியாக எழுதுகிறார்களா பார்ப்போம்.

சித்தி நேற்றும் பேசினாள். இப்போது பாட்டு முழுசாகக் கேட்கிறதாம். "புள்ள தூங்கலடி, சித்தப்பாதான் தூங்கிட்டாரு."