கேஸ் சிலிண்டர் டெலிவரி: கேட்டால்தான் இறங்கும் தராசு

வீட்டு கேஸ் சேவையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலைகளைக் குறை சொல்ல முடியாது. மிஸ்டு கால் கொடுத்தாலே புக்கிங் ஆகிவிடுகிறது, பில் தொகை எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. எடை, கசிவு, கூலி ஆகியவற்றைத்தான் எந்த சிஸ்டமும் பதிவு செய்வதில்லை. அங்கே சேவையின் தரம் முழுக்க வருகிற ஆளைப் பொறுத்தது.

டெலிவரிக்கு வருபவர் தராசு கொண்டுவந்து, கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. தராசு பெரும்பாலும் வண்டியிலேயே கிடக்கும். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் காலி எடை இருக்கும். அது 15.8 கிலோ என்றால், 14.2 கிலோ கேஸும் சேர்ந்து 30 கிலோ காட்ட வேண்டும். 150 கிராம் முன்னே பின்னே இருக்கலாம், 29.85-க்குக் கீழே போனால் வேறு சிலிண்டர் கேளுங்கள். தொங்கு தராசு என்றால் மாட்டும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் தரையிலோ அவர் காலிலோ படக் கூடாது. தூக்கிப் பார்த்துவிட்டு "ஃபுல்லா இருக்குங்க" என்பதெல்லாம் கணக்கில் வராது. 30 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் கைக்குத் தெரியாது. சீலை மட்டும் நம்பவும் முடியாது. குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவில் கேஸை எடுத்துவிட்டு சீலைத் திரும்ப மாட்டியவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள்.

அதே பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் 'பி-27' என்பது போல எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி, டி அதற்கடுத்த காலாண்டுகள். 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கசிவுச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் முதலில் விட்டுப்போவது இதுதான். மூடியைக் கழற்றி வால்வு வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். குமிழி வந்தால் வால்வு கசிகிறது. உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் ரெகுலேட்டரை மாட்டிய பிறகுதான் வாடை வரும். அப்படியானால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு அழுத்தி, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஃபேன், லைட் சுவிட்ச் எதையும் தொட வேண்டாம்.

பில் தொகையிலேயே டெலிவரிக் கட்டணம் அடங்கியிருக்கிறது, எந்த மாடியாக இருந்தாலும். 30 கிலோவைத் தோளில் ஏற்றி வருபவருக்கு மனமுவந்து எதாவது கொடுப்பது உங்கள் விருப்பம். "எல்லா வீட்லயும் 50 தர்றாங்க" என்று கேட்டு வாங்குவது வேறு.

டெலிவரியை உறுதிசெய்ய உங்கள் போனுக்கு ஒரு டெலிவரி கோடு வரும். எடையும் கசிவும் பார்த்த பிறகே அதைச் சொல்லுங்கள். சிலிண்டர் வருவதற்கு முன்பே போனில் கேட்டால் மறுத்துவிடுங்கள். கோடு போய்விட்டால் கணக்கில் டெலிவரி முடிந்தது, அப்புறம் நம் பிடி தளர்ந்துவிடும்.

ஏஜென்சியை மட்டும் சொல்லிப் பயனில்லை. தமக்குத் தேவைப்படாத புக்கிங்கை டீக்கடைக்குத் தள்ளிவிடும் வீடுகளும் உண்டு. கடைகளுக்கென்று 19 கிலோ சிலிண்டர் தனியாக இருக்கிறது. வீட்டு சிலிண்டரைக் கடையில் பிடித்தால் விசாரணை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமும் வரும்.