கென்பாம் தளம்: மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடரை முன்கூட்டி எடைபோட ஒரு கருவி

அமெரிக்கக் கல்லூரிகளின் ஆடவர் கூடைப்பந்துத் தேசியத் தொடர் ஆண்டுதோறும் மார்ச் மாத நடுவில் 68 அணிகளுடன் தொடங்குகிறது. தேர்வுக் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்ட அட்டவணையை அறிவித்ததும், வியாழக்கிழமை நண்பகலில் பிரதான சுற்று தொடங்குவதற்குள் லட்சக்கணக்கானோர் 'பிராக்கெட்' எனப்படும் தாளில் தங்கள் கணிப்புகளை நிரப்புகின்றனர். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்குக் கல்லூரிக் கூடைப்பந்து அறிமுகமாவதே அலுவலகத்தில் சுற்றுக்கு வரும் இந்தத் தாளின் வழியாகத்தான். பருவம் முழுவதும் ஆட்டங்களைப் பார்த்திராத ஒருவர் 68 அணிகளையும் நான்கு நாட்களில் எடைபோட வேண்டுமென்றால் புள்ளிவிவரங்களைத்தான் நாட வேண்டும். அதற்காக நான் பல பருவங்களாகச் சந்தா செலுத்திப் பயன்படுத்திவரும் கென்பாம் தளத்தைப் பற்றியது இந்த மதிப்புரை.

தளத்தை நடத்துபவர் கென் பொமராய். வானிலைத் துறையில் பயிற்சி பெற்று, அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையில் பணியாற்றியவர். நாளைய மழையை நிகழ்தகவாகச் சொல்லிப் பழகியவரின் மனப்பாங்கு தளம் முழுவதும் தெரிகிறது. எந்த ஆட்டத்துக்கும் அங்கே 'இன்னார் வெல்வார்' என்ற தீர்ப்பு கிடையாது, இத்தனை சதவீத வாய்ப்பு என்ற மதிப்பீடுதான் உண்டு. முதற்பிரிவில் ஆடும் 360க்கும் மேற்பட்ட அணிகளின் தரவரிசை அடங்கிய முதல் பக்கத்தை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வோர் அணிக்குமான விரிவான பக்கம், அன்றாட ஆட்டங்களுக்கான கணிப்பு, பழைய பருவங்களின் ஆவணம் ஆகியவற்றுக்கு ஆண்டுச் சந்தா சுமார் 25 டாலர். படங்களோ காணொளிகளோ இல்லாத, வரிசை வரிசையாக எண்கள் மட்டும் நிரம்பிய தளம் இது. அலங்காரமின்மை எனக்குக் குறையாகப் படவில்லை; ஆனால் கைபேசியில் அகலமான அட்டவணைகளை நகர்த்தி நகர்த்திப் படிப்பது சிரமம், கணினியில் பார்ப்பதே நல்லது.

இந்தத் தளத்தின் அடிப்படைக் கருத்தைப் புரிந்துகொண்டாலே சந்தாவின் பாதி மதிப்பு கிடைத்துவிடுகிறது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 85 புள்ளிகள் எடுக்கும் அணி, 70 புள்ளிகள் எடுக்கும் அணியைவிடத் திறமையானது என்று நாளிதழ்களின் பட்டியலைப் பார்த்தால் தோன்றும். முதல் அணி வேகமாக ஓடி ஆடுவதால் அதற்கு வாய்ப்புகள் மிகுதியாகக் கிடைத்திருக்கலாம். இரண்டாம் அணி ஒவ்வொரு முறையும் முப்பது விநாடிகளை நிதானமாகச் செலவிட்டிருக்கலாம். ஆகவே பந்து ஓர் அணியின் கைக்கு வந்து எதிரணிக்கு மாறும்வரை உள்ள காலத்தை ஒரு 'பொசஷன்' என்று கொண்டு, நூறு பொசஷன்களுக்கு எத்தனை புள்ளிகள் என்று கணக்கிடுகிறார்கள். மொத்த வீச்சுகளிலிருந்து, தவறிய வீச்சைத் தானே மீண்டும் கைப்பற்றிய ஆஃபென்சிவ் ரீபவுண்டுகளைக் கழித்து, பந்தை இழந்த டர்ன்ஓவர்களைக் கூட்டி, ஃப்ரீ த்ரோக்களை (எதிரணியின் விதிமீறலுக்காகத் தடையின்றிக் கிடைக்கும் வீச்சுகளை) 0.475 ஆல் பெருக்கிச் சேர்த்தால் பொசஷன்களின் எண்ணிக்கை ஏறத்தாழக் கிடைத்துவிடும். 60 வீச்சுகள், 10 ஆஃபென்சிவ் ரீபவுண்டுகள், 12 டர்ன்ஓவர்கள், 20 ஃப்ரீ த்ரோக்கள் என்றால் 71.5 பொசஷன்கள், அந்த ஆட்டத்தில் 75 புள்ளிகள் எடுத்திருந்தால் நூறு பொசஷன்களுக்குச் சுமார் 105. எந்த ஆட்டத்தின் புள்ளிவிவரச் சுருக்கத்தை ('பாக்ஸ் ஸ்கோர்') எடுத்தும் யாரும் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இதன்மேல் பொமராய் செய்யும் வேலைதான் தளத்தின் சிறப்பு. எதிரணி எவ்வளவு வலிமையானது, ஆட்டம் சொந்த அரங்கத்தில் நடந்ததா வெளியூரிலா என்பவற்றைக் கணக்கில் கொண்டு ஒவ்வோர் அணியின் தாக்குதல் திறனையும் தற்காப்புத் திறனையும் திருத்துகிறார். திருத்திய இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே தரவரிசையைத் தீர்மானிக்கும் எண். முன்பு இது வெற்றி விகிதமாகக் காட்டப்பட்டது. 2016-17 பருவத்திலிருந்து நூறு பொசஷன்களுக்கான புள்ளி வித்தியாசமாகவே காட்டப்படுவதால், ஆட்டத்தை முன்பார்ப்பவருக்கு வேலை எளிதாகிவிட்டது. ஓர் அணியின் எண் +30, மற்றொன்றின் எண் +12 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 18, ஆட்டத்தில் 68 பொசஷன்கள் எதிர்பார்க்கப்பட்டால், நடுநிலை அரங்கத்தில் வலிய அணி சுமார் 12 புள்ளிகளில் வெல்ல வேண்டும். கல்லூரி ஆட்டங்களின் முடிவு கணிப்பிலிருந்து பொதுவாகச் சுமார் 11 புள்ளிகள் அளவில் சிதறுவதால், அந்த 12 புள்ளி முன்னிலை என்பது கிட்டத்தட்ட 87 சதவீத வெற்றி வாய்ப்பு. எஞ்சிய 13 சதவீதத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் முதல் வாரயிறுதியில் மனமுடைகிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் 80 சதவீத வாய்ப்புள்ள அணி கூட, பட்டத்துக்குத் தேவையான ஆறு ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 26 சதவீதம் மட்டுமே.

ஆனால் முதல் பக்கத்துத் தரவரிசையோடு நின்றுவிட்டால் இந்தத் தளத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நான் சந்தாவைப் புதுப்பிப்பது அணிப் பக்கங்களுக்காக. டீன் ஆலிவர் என்ற ஆய்வாளர் வகுத்த நான்கு காரணிகள் அங்கே தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும்: மூன்று புள்ளி வீச்சுக்கு ஒன்றரை மடங்கு மதிப்பளித்துக் கணக்கிடும் வீச்சு விகிதம், பந்தை இழக்கும் விகிதம், ஆஃபென்சிவ் ரீபவுண்டு விகிதம், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும் விகிதம். இரண்டு அணிகளின் பக்கங்களை அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் ஓர் ஆட்டம் எந்த வழியில் நடக்கக்கூடும் என்பது புலப்படுகிறது. ஓர் அணி பந்தைப் பறிகொடுக்கும் பழக்கம் உள்ளது, எதிரணி பந்தைப் பறிப்பதில் நாட்டின் முதல் இருபது இடங்களுக்குள் இருக்கிறது என்றால், மொத்த எண்கள் நெருக்கமாக இருந்தாலும் அந்த ஆட்டத்தை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

2025ஆம் ஆண்டுத் தொடரை எடுத்துக்கொள்வோம். டியூக், ஹூஸ்டன், ஃபுளோரிடா, ஆபர்ன் ஆகிய நான்கு முதல்நிலை அணிகளும் (தேர்வுக் குழு அணிகளை நான்கு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரநிலை தரும்; அவற்றில் முதலாம் நிலை பெற்றவை) அரையிறுதிக்கு வந்தன. அதற்கு முன் 2008இல் மட்டுமே அப்படி நடந்திருந்தது. தொடர் தொடங்கும்போதே கென்பாம் பட்டியலின் உச்சியில் நின்றவையும் இவைதான். கூப்பர் ஃபிளாக் ஆடிய டியூக்கின் எண், இந்தத் தளத்தின் ஆவணத்தில் உள்ள மிக உயர்ந்த எண்களுள் ஒன்று. சான் அன்டோனியோ அரையிறுதியில் அந்த டியூக், இரண்டாம் பாதியில் 14 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும், ஹூஸ்டனிடம் 67-70 என்று தோற்றது. பயிற்சியாளர் கெல்வின் சாம்சனின் ஹூஸ்டன் மெதுவாக ஆடும், தவறிய வீச்சுகளைத் துரத்திப் பிடிக்கும், எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கும் அணி என்பதை அதன் பக்கம் பருவம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. முடிவை அது சொல்லிவிடவில்லை. கடைசி நிமிடத்தில் ஹூஸ்டன் தொடர்ந்து ஒன்பது புள்ளிகள் எடுக்குமென்று எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது. என்றாலும், டியூக்கை யாராவது வீழ்த்தினால் எந்த வகையில் வீழ்த்துவார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் விடை இருந்தது. முன்பார்வை என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

பொமராய் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் இன்னொரு கருத்தும் முன்பார்ப்பவருக்குப் பெரிதும் உதவுகிறது. எதிரணியின் மூன்று புள்ளி வீச்சுகள் எத்தனை சதவீதம் கூடைக்குள் விழுகின்றன என்பதில் தற்காப்பு அணியின் கட்டுப்பாடு மிகக் குறைவு. எத்தனை வீச்சுகளை முயலவிடுகிறது என்பதே அதன் கையில் உள்ளது. எனவே தற்காப்பில் சிறந்ததாகத் தெரியும் ஓர் அணியின் பக்கத்தைத் திறந்ததும், அந்தச் சிறப்பு எதிரணிகளின் வீச்சுகள் தவறியதால் மட்டும் வந்ததா என்பதை முதலில் பார்ப்பது நல்லது. அப்படி வந்த சிறப்பு மார்ச் மாதத்தில் நிலைக்கும் என்று நம்பி அந்த அணியை நான்காம் சுற்று வரை கொண்டுபோவதில் ஆபத்து உண்டு.

முதல் பக்கத்தில் 'அதிர்ஷ்டம்' என்றே பெயரிட்ட ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஆட்டங்களின் செயல்திறனைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க வெற்றிகளுக்கும், அணி உண்மையில் பெற்ற வெற்றிகளுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஒன்று இரண்டு புள்ளிகளில் முடிந்த ஆட்டங்களையெல்லாம் வென்ற அணிக்கு அது உயரும். தேர்வுக் குழு அணிகளின் வெற்றி தோல்விகளுக்குப் பெருமதிப்பு தந்து தரநிலை வழங்குவதால், குழுவின் தரநிலைக்கும் கென்பாம் தரவரிசைக்கும் இடையே எங்கே இடைவெளி விழுகிறது என்று தேடுவது பலன் தரும். 2021இல் லயோலா சிகாகோ கென்பாமில் நாட்டின் ஒன்பதாவது அணி. குழு அதற்கு எட்டாம் தரநிலை கொடுத்தது, அதாவது ஏறத்தாழ முப்பதாம் இடத்தில் நிறுத்தியது. இரண்டாம் சுற்றில் லயோலா முதல்நிலை அணியான இல்லினாயை 71-58 என்று வென்றபோது, எண்களைப் படித்திருந்தவர்கள் திகைக்கவில்லை. அடுத்த சுற்றிலேயே அது 12ஆம் நிலையில் இருந்த ஆரிகன் ஸ்டேட்டிடம் 58-65 என்று தோற்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023இல் கனெக்டிகட் நான்காம் தரநிலையோடு வந்தது; எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்தாலும் கென்பாம் அதை நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் வைத்திருந்தது. அந்த அணி ஆறு ஆட்டங்களையும் பத்துப் புள்ளிகளுக்கு மேலான வித்தியாசத்தில் வென்று பட்டம் பெற்றது.

குறைகளில் முதன்மையானது காயங்கள் பற்றியது. இந்தக் கணக்கு அணியை அறியும், ஆட்டக்காரர்களை அறியாது. 2018இல் ஒட்டுமொத்த முதல்நிலை அணியாக வந்த வர்ஜீனியா, முதற்சுற்றில் 16ஆம் நிலையிலிருந்த மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாக அணியிடம் 54-74 என்று தோற்றது. ஆடவர் தொடரின் வரலாற்றில் அதற்குமுன் நடந்திராத தோல்வி அது. தொடருக்குச் சில நாட்கள் முன்பு வர்ஜீனியாவின் ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து விலகியிருந்தார். அவர் ஆடிய மாதங்களின் எண்கள்தான் தளத்தில் இருந்தன. வர்ஜீனியா நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று என்பதும் கவனத்துக்குரியது. பொசஷன்கள் குறையக் குறைய, வலிய அணியின் மேன்மை வெளிப்படுவதற்கான வாய்ப்புகளும் குறைகின்றன. எதிரணி மூன்று புள்ளி வீச்சுகள் 24இல் 12ஐப் போட்டது, வர்ஜீனியா 22இல் நான்கைத்தான் போட்டது. இடைவேளையில் 21-21 என்றிருந்த ஆட்டம் கைநழுவியது. இதே நிதானமான முறையில் ஆடித்தான் வர்ஜீனியா அடுத்த ஆண்டு மினியாபொலிசில் டெக்சஸ் டெக்கை வென்று பட்டத்தை எடுத்தது. 2024இல் ஹூஸ்டனின் ஜமால் ஷெட் டியூக்குக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே கணுக்கால் காயத்தால் வெளியேற, அந்த அணி 51-54 என்று வீழ்ந்தது. ஆகவே தளத்தை மூடுவதற்கு முன், காயப் பட்டியலைச் செய்திகளில் தனியாகப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

மற்றொரு எச்சரிக்கை தளத்தைப் பயன்படுத்துவோருக்கு. 'பட்டம் வென்ற அணிகள் எல்லாம் தாக்குதலிலும் தற்காப்பிலும் முதல் இருபதுக்குள் இருந்தவை' என்ற விதி மார்ச் மாதந்தோறும் சுற்றிவருகிறது. பழைய பருவங்களின் பக்கத்தைத் திறந்தால் தெரியும் எண்கள் தொடர் முடிந்தபின் கணக்கிட்டவை. பட்டம் வென்ற ஆறு வெற்றிகளும் அவற்றுள் அடங்கியிருக்கும். வென்றதால் உயர்ந்த எண்ணைக் காட்டி, அதனால்தான் வென்றது என்று சொல்வது சுற்றுவாதம். சந்தாதாரர்களுக்குத் தேதிவாரியான ஆவணம் திறந்திருக்கிறது. தேர்வு ஞாயிறன்று இருந்த எண்களை அதில் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் அந்த விதி பொதுப்போக்காக நிற்கிறது, சட்டமாக நிற்பதில்லை. 2014இல் ஏழாம் நிலையிலிருந்து வந்து, எட்டாம் நிலையிலிருந்த கென்டக்கியை இறுதியாட்டத்தில் 60-54 என்று வென்ற கனெக்டிகட் ஒன்றே விதிவிலக்குக்குப் போதும்.

பணம் செலவிட விருப்பமில்லாதவர்களுக்கு பார்ட் டோர்விக்கின் தளம் இருக்கிறது. கணக்கின் அடிப்படை ஏறத்தாழ ஒன்றே, கட்டணம் கிடையாது. குறிப்பிட்ட இரு தேதிகளுக்கு இடைப்பட்ட ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தரவரிசைப்படுத்தும் வசதி அங்கே உண்டு. காயத்தால் ஒருவரை இழந்த அணி அதன்பின் எப்படி ஆடுகிறது என்று பார்க்க அதுவே சிறந்த வழி, இந்த ஒன்றில் கென்பாம் பின்தங்கியே நிற்கிறது. தொடரை நடத்தும் அமைப்பு 2018-19 முதல் வெளியிடும் 'நெட்' தரவரிசை குழுவின் தேர்வுப் பணிக்கானது, முன்பார்வைக்கு அவ்வளவாகப் பயன்படாது. மார்ச் மாதத்தில் ஒரு தாளை நிரப்பிவிட்டு மறந்துவிடுகிறவருக்குக் கென்பாமின் இலவசப் பக்கமும் டோர்விக்கும் போதும். நவம்பரில் தொடங்கி ஆட்டங்களைப் பார்க்கிறவர், குறிப்பாக ஓர் அணியின் இயல்பு பருவத்தின் போக்கில் எப்படி மாறுகிறது என்று அறிய விரும்புகிறவர், தயங்காமல் சந்தா செலுத்தலாம்.

எனக்கு உண்மையான ஏக்கம் ஒன்றே ஒன்றுதான். கென்பாம் ஆடவர் ஆட்டங்களை மட்டுமே கணக்கிடுகிறது. 2024இல் சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய மகளிர் இறுதியாட்டத்தை, ஆடவர் இறுதியாட்டத்தைவிட அதிகமானோர் தொலைக்காட்சியில் பார்த்தனர். மகளிர் தொடருக்கு 'ஹர் ஹூப் ஸ்டாட்ஸ்' போன்ற தளங்கள் நல்ல பணி செய்கின்றன. ஆனால் இரண்டு தொடர்களையும் ஒரே அளவுகோலில், இத்தனை ஆண்டு ஆவணத்தின் துணையோடு படிக்க வழியில்லை. பொமராய் அதைத் தொடங்கினால், இப்போதைய கட்டணத்தைப் போல் இருமடங்கு கொடுக்கவும் நான் தயார்.