மூணாறு உறைபனியில் எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கூரை

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தே முட்டி தேய்ந்தவர். காலையில் அவர் வெயில் காய ஒரு இடம் வேண்டும் என்றுதான் கிழக்குத் திண்ணைக்குக் கண்ணாடிக் கூரை போட்டோம். முதலில் ஒருவர் சாதாரண 5 மி.மீ. கண்ணாடியைச் சாய்வே இல்லாமல் படுக்கவைத்துவிட்டுப் போனார். தை மாதம் ஒரு காலை கூரை முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்க, தம்பி ஒரு வாளி வெந்நீரை ஊற்றினான், டப்பென்று குறுக்கே விரிசல். அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார், இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வெந்நீர் ஊற்றியது எங்கள் தப்பு. ஆனால் அந்தக் கண்ணாடி தலைக்கு மேல் போடுகிற சாமானே இல்லை.

அப்புறம் போடியிலிருந்து ஒரு சின்னக் குழு வந்து மாற்றிப் போட்டது. நல்ல சாய்வு, மேலே டஃபன்டு, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி விட்டுக் கீழே லேமினேட்டட், அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் ஒட்டியது, உடைந்தாலும் துண்டு தலையில் விழாமல் பிடித்துக்கொள்ளும். செலவு இரண்டு மடங்குக்கும் மேல், கொடுத்ததில் வருத்தம் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும், இப்போது பனி முன்பைவிட அதிக நேரம் கூரையில் நிற்கிறது. பார்த்ததும் ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். அப்படி இல்லை, உள்ளே இருக்கும் சூடு மேல் கண்ணாடிக்கு அவ்வளவாகப் போவதில்லை, மேகம் இல்லாத இரவில் அது வானத்தைப் பார்த்துத் தன் சூட்டை விட்டுவிட்டுக் காற்றைவிடவும் கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே கண்ணாடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அறவே நின்றுவிட்டது. பனியைச் சுரண்டாதீர்கள், வெயில் ஏறினால் தானாக வழிந்துவிடும்.

குறையும் உண்டு. அலுமினியச் சட்டம் இன்னும் வியர்க்கிறது, இரண்டு முறை வந்து பார்த்தும் முழுதாகத் தீரவில்லை. சில்வர் ஓக் மரத்து இலை கூரை ஓரத்துத் தகரக் கால்வாயை அடைத்து, தேங்கிய தண்ணீர் அங்கேயே உறைந்துபோகிறது, அதை வாராவாரம் நாமே அள்ள வேண்டும். சித்திரை மதியத்தில் துணி கட்டாமல் உட்கார முடியாது.

  

போடுவதென்றால் மழைக்கு முன்னால் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள், இடுக்கை அடைக்கிற சீலன்ட் பசை ஈரப் பரப்பில் ஒட்டாது.