டென்ட்டா ஹேமாக்கா? குனோங் தஹான் போறவங்களுக்கு

கோலாலம்பூர்ல நம்ம பசங்க நிறைய பேரு பத்துமலை 272 படியில பேக்கோட ஏறி எறங்கி பழகுறாங்க, அடுத்து தாமான் நெகாரா தேசியப் பூங்காவுல 2,187 மீட்டர் குனோங் தஹான் மலை, பல ராத்திரி காட்டுலயே தூக்கம். அப்பதான் டென்ட்டா, இல்ல ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுற தொங்கு படுக்கையான ஹேமாக்கான்னு கேள்வி வரும்.

டென்ட் வசதிதான். ஜிப்ப இழுத்துட்டா ஈரத்துணி மாத்தலாம், காலை நீட்டி படுக்கலாம், ரெண்டு பேரு வெயிட்ட பிரிச்சு தூக்கலாம். ஆனா நம்ம காட்டுல சமதரை எங்க கெடைக்குது? வேரு, கல்லு, சரிவு, மழை வந்தா அடியில தண்ணி ஓடும், காலையில சேறோட சுருட்டி வெச்சா பேக் இன்னும் கனக்கும்.

ஹேமாக்குக்கு ரெண்டு நல்ல மரம் போதும், தரை எப்படி இருந்தா என்ன, அட்டைத் தொல்லையும் கம்மி. மழையில மொதல்ல ஃப்ளைஷீட்ட (மேல கூரையா கட்டுற மழை விரிப்பு) கட்டிட்டு அதுக்கு அடியில ஹேமாக்க மாட்டுங்க, ரெண்டு பக்க ஸ்ட்ராப்புலயும் ஹேமாக்குக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு துண்டு கயிறு கட்டி தொங்க விடுங்க, மரத்துல இருந்து வழியிற தண்ணி அங்கயே சொட்டிடும், உள்ள வராது. குறுக்கா சாஞ்சு படுத்தா முதுகு வளையாது. அடியில காத்து குளிரும், மேட் ஒண்ணு கட்டாயம் வேணும்.

மலைக்குப் போற கோலா தஹான் வழி நீளம், ஆத்த பல தடவ கடக்கணும், கீழ்க்காட்டுல என் ஓட்டு ஹேமாக்குக்குத்தான். உச்சிப் பக்கம் குட்டைச் செடிதான், கட்ட மரம் கெடைக்காது, மேல எங்க கேம்ப்னு கைடுகிட்ட மொதல்லயே கேட்டுக்குங்க, அங்க தூங்குறதா இருந்தா டென்ட்டே எடுங்க.