கப்பிக்கு வாங்கிய குட்டிப்பெட்டி

என் கப்பி மீன் குஞ்சு ஈனுவதற்காக, சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். தொட்டிக்குள் மாட்டும் பிளாஸ்டிக் பெட்டி. அடியில் ‘வி’ வடிவத் தட்டு. பிறக்கும் குஞ்சு அதன் இடுக்கில் கீழே நழுவிவிடும், தாயால் தின்ன முடியாது.

வயிறு சதுரமாகி, பின்பக்கக் கரும்புள்ளி நன்றாகக் கறுத்ததும் என் கப்பியை உள்ளே விட்டேன். மறுநாள் விடியற்காலை 23 குஞ்சுகள், வெறும் கண்ணும் வாலுமாக! அத்தனையும் பிழைத்தன.

ஆனால் பெட்டி ரொம்பச் சிறியது. முந்தைய முறை நான்கு நாள் முன்பே அடைத்துவிட்டேன். பாவம், மூலையிலேயே மூச்சு வாங்கிக் கிடந்தது. திறந்துவிட்ட பிறகுதான் ஈன்றது, குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. உள்ளே நீரோட்டமும் குறைவு. ஃபில்டர் பக்கமாக மாட்டுங்கள். மேலே ஒரு பிடி வேலம்பாசி (நீர்ச்செடி) போட்டால் தாய் பதறாமல் நிற்கும். ஈன்று முடித்ததும் தாயை எடுத்துவிடுங்கள்.